ரேகையில் இல்லாத சாதி

கொல்கத்தாவின் கிழக்கே நியூ டவுனில் மத்தியத் தடய அறிவியல் ஆய்வகத்தின் புதிய கட்டடம் 2025 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. ராஜர்ஹாட்டின் நெல்வயல்களும் மீன்வளர்ப்பு ஏரிகளும் ஒரு தலைமுறைக்குள் கண்ணாடிக் கோபுரங்களாக மாறிய ஊர் இது. மென்பொருள் நிறுவனங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழக வளாகங்கள் என்று வரிசையாக வந்தவற்றில் இதையும் ஒன்றாகக் கணக்கு வைத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒரு மனிதனின் விரலைப் பார்த்து அவன் யார் என்று சொல்லும் கலை அரசாங்க வேலையாக உருவெடுத்ததே வங்காளத்தில்தான். அதன் கதையைச் சொன்னால் அமெரிக்கச் சிறைகளின் கதையும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களின் கதையும் கூடவே வந்துவிடும்.

1858இல் பாகீரதிக் கரையில் உள்ள ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி சாலை போடக் கற்கள் வாங்க ஓர் ஒப்பந்தம் எழுதினார். சரக்கு தருபவர் ராஜ்யதர் கோனாய் என்ற உள்ளூர்க்காரர். பின்னால் 'இது என் கையெழுத்து இல்லை' என்று அவர் மறுத்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தில், அவரது உள்ளங்கை முழுவதிலும் மை தடவி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதிய வைத்தார் ஹெர்ஷல். அதில் அறிவியல் எதுவும் கிடையாது. கொஞ்சம் மிரட்டி வைப்போம் என்ற நினைப்புதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கைரேகையின் அரசாங்க வாழ்க்கை சந்தேகத்தில் தொடங்கியது என்பதே. அதுவும் ஒரு குறிப்பிட்ட ஆள் மீதான சந்தேகம் அல்ல. இந்த நாட்டு மக்கள் பொய் சொல்வார்கள் என்ற பொதுவான சந்தேகம். 1877இல் ஹெர்ஷல் ஹூக்ளி மாவட்டத்தில் இருந்தபோது பத்திரப் பதிவு, ஓய்வூதியம், சிறை ஆகிய மூன்றிலும் விரல்ரேகையைப் புகுத்தினார்.

அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1897இல், உலகின் முதல் விரல்ரேகைப் பதிவகம் கல்கத்தாவில் திறக்கப்பட்டது. பெயர் வாங்கியவர் வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றி. மூளையைக் கசக்கியவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்ற இரண்டு துணை ஆய்வாளர்கள். ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒரு சீட்டைச் சில நிமிடங்களில் தேடி எடுக்க ஒரு கணித வாய்பாட்டை ஹக் வகுத்தார். பத்து விரல்களின் சுழிகளை எண்ணாக்கினால் 32க்கு 32, அதாவது 1,024 அறைகள் கொண்ட அலமாரியில் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் அறை கிடைத்துவிடும். 'ஹென்றி முறை' என்று அது உலகம் சுற்றியது. ஹென்றி லண்டன் காவல்துறையின் ஆணையர் ஆனார். ஹக்குக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பட்டமும் கொஞ்சம் பணமும் கிடைத்தன.

பதிவகம் தொடங்கிய காலத்தில் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டார். பெட்டியில் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் அட்டையில் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. அது முன்பு திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற பழைய வேலையாள் ஒருவரின் ரேகையோடு பொருந்தியது. நீதிமன்றம் திருட்டுக்குத் தண்டித்தது, கொலைக்குத் தண்டிக்கவில்லை. அவர் பெட்டியைத் தொட்டார் என்பதைத்தான் ரேகை சொல்கிறது, கொன்றார் என்பதை அல்ல என்ற நிதானம் 1898இலேயே ஒரு வங்காள நீதிமன்றத்துக்கு இருந்திருக்கிறது. இந்த நிதானம் எல்லோருக்கும் கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

லண்டனில் இருந்தபடி இந்த ரேகைகளை ஆராய்ந்தவர் பிரான்சிஸ் கால்ட்டன். மனிதரில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்ற பிரிவை நம்பியவர். பரம்பரையை மேம்படுத்தும் 'அறிவியலுக்கு' பெயர் சூட்டியவரும் அவர்தான். ரேகையிலும் இனம் தெரியும் என்று எதிர்பார்த்து ஆங்கிலேயர், வேல்ஸ்காரர், யூதர், கறுப்பினத்தவர் ஆகியோரின் ரேகைகளைச் சேகரித்து ஒப்பிட்டார். ஒரு வேறுபாடும் கிடைக்கவில்லை. 1892இல் வெளியான தன் நூலில் அந்த ஏமாற்றத்தை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விரல் ஆளைச் சொல்லும். அவன் குலத்தைச் சொல்லாது.

ஆட்சியாளர்களுக்கோ குலம் வேண்டியிருந்தது. எனவே ரேகை பதிந்த தாளிலேயே சாதிக்கு ஒரு கட்டம் போட்டார்கள். இந்தியக் குற்றவியல் நீதியில் சாதி தங்கியிருக்கும் இடம் எது என்று கேட்டால், சட்டப் புத்தகத்தைவிட அந்தக் கட்டத்தைத்தான் நான் காட்டுவேன். சட்டங்கள் பலமுறை மாறின. கட்டம் ஒரு பதிவேட்டிலிருந்து அடுத்த பதிவேட்டுக்குப் படியெடுக்கப்பட்டுக்கொண்டே வந்தது.

1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் வட இந்தியாவில் அமலுக்கு வந்து 1876இல் வங்காளத்துக்கு நீட்டிக்கப்பட்டது. ஒரு சாதியை அல்லது குழுவைக் 'குற்றப் பரம்பரை' என்று அரசு அறிவித்துவிட்டால் நீதிமன்றம் அந்த அறிவிப்பைக் கேள்வி கேட்க முடியாது. அதில் பிறந்த குழந்தை எதுவும் செய்யாமலே பட்டியலில் ஏறிவிடும். 1911இல் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை எடுக்கும் அதிகாரமும் அதில் இருந்தது. கல்கத்தாவில் பிறந்த ஒரு தொழில்நுட்பம் இப்படித்தான் உசிலம்பட்டிப் பக்கம் வந்து சேர்ந்தது. அங்கே மக்கள் அதைக் 'கைரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பிரமலைக் கள்ளர் ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ கணக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' வேண்டும். சீட்டில் எழுதிய நேரத்துக்குப் போய், எழுதிய நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துக் கூடியவர்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். இந்தச் சட்டத்துக்கு எதிராக அந்த மக்களுக்காக வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப்பை 'ரோசாப்பூ துரை' என்று அந்தப் பகுதி இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. அதே 1920இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் இயற்றப்பட்டது. 102 ஆண்டுகள் நின்ற சட்டம் அது. அதற்குப் பிறகு வந்ததைப் பின்னால் பார்க்கலாம்.

ராதாரிச் சீட்டைப் படிக்கும் எவருக்கும் அமெரிக்கத் தென்மாநிலங்கள் ஞாபகம் வரும். தோட்டத்தை விட்டு வெளியே போகும் அடிமை, எசமானர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரோந்துக் குழு பிடித்து அடிக்கும். நியூயார்க்கில் 1713இல், இருட்டிய பிறகு தெருவில் நடக்கும் அடிமை கையில் எரியும் விளக்கோடு போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1865இல் அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாம் திருத்தத்திலேயே 'குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் தவிர' என்று ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். அந்த வாசகத்தின் வழியாக வெளியே போன அடிமைமுறை உள்ளே வந்தது. அதே ஆண்டு மிசிசிப்பி கொண்டுவந்த சட்டப்படி ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பினத்தவர் தமக்கு வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் நாடோடி என்று அபராதம். அபராதம் கட்ட முடியாவிட்டால் யாராவது கட்டி, அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கைதிகளைச் சுரங்கங்களுக்கும் பண்ணைகளுக்கும் குத்தகைக்கு விடும் வழக்கம் அலபாமாவில் 1928 வரை நடந்தது. லூசியானாவின் 'அங்கோலா' சிறை ஒரு காலத்து அடிமைத் தோட்டத்தின் மேலேயே நிற்கிறது. அங்கே கைதிகள் இன்னும் வயல் வேலை செய்கிறார்கள். 2024இல் இந்த விதிவிலக்கைத் தம் மாநில அரசியல் சட்டத்திலிருந்து நீக்கலாமா என்று கேட்டபோது கலிஃபோர்னியா வாக்காளர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஹென்றி முறை அமெரிக்காவுக்கும் போனது. விரல்ரேகைச் சாட்சியத்தின் பேரில் அந்நாட்டில் முதலில் கொலைக் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் சிகாகோவில் தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினத்தவர். ஈரம் காயாத பெயின்ட் பூசிய கைப்பிடியில் நான்கு விரல் தடங்கள். 1911இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது, 1912இல் தூக்கிலிட்டார்கள். அவர் நிரபராதி என்று வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை. ஜல்பாய்குரி நீதிமன்றத்தின் தயக்கம் சிகாகோவில் எழவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

இந்த ஒப்பீட்டை எவ்வளவு தூரம் இழுக்கலாம்? குற்றப் பரம்பரைச் சட்டம் அடிமைமுறை அல்ல. அமெரிக்க அடிமைக்கு இங்கே நேர் இணை தேடினால் பண்ணையடிமையாக இருந்த பறையரும் பள்ளரும்தான் கிடைப்பார்கள். ரேகைக் கொடுமையைச் சுமந்த சாதியே தன் ஊரில் இன்னொருவரை ஒடுக்கிய கதையும் மறைக்கக்கூடியதல்ல. பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது 1996 முதல் 2006 வரை அங்கே தேர்தலை முறையாக நடத்தவே விடாமல் தடுத்தவர்கள் பெருங்காமநல்லூரின் பக்கத்து ஊர்க்காரர்கள். இனம் என்ற ஒரே கோட்டில் அமெரிக்கா பிரிந்து கிடக்கிறது. இங்கே ஏணி நீளமானது, ஒவ்வொரு படியிலும் ஆள் இருக்கிறான். ஆனாலும் 'நீ என்ன செய்தாய்' என்று கேட்பதற்கு முன்னால் 'நீ யார்' என்று கேட்கும் நீதி இரு நாட்டிலும் ஒன்றுதான்.

சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை ஒழித்தது. மத்திய அரசு 1952 ஆகஸ்ட் 31 முதல். 1948இலேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. இதில் சாதிப் பெயர் இல்லை. தனிநபரின் தண்டனைகளைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஆனால் காவல் நிலைய அலமாரியில் இருந்தவை அதே பதிவேடுகள், அவற்றைப் புரட்டியவர் அதே ஏட்டையா. 'சரித்திரப் பதிவேடு குற்றவாளி' என்று நாளிதழ்கள் இன்றும் எழுதும் அந்த ஏடுகளில் யார் பெயர் முதலில் ஏறியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். திருட்டு நடந்தால் எந்தக் குடியிருப்பில் ஆள் தூக்க வேண்டும் என்பது எழுதாமலே தெரியும். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டது அப்படித்தான். அவர் குறவர். அந்த வழக்கைப் படமாகப் பார்த்து அழுத தமிழர்களுக்கு அதன் வங்காள இரட்டை அதிகம் தெரியாது.

புருலியா மாவட்டம் கொல்கத்தாவிலிருந்து ஓர் இரவு ரயில் தூரம். அங்கே கேரியா சபர் என்ற சிறு பழங்குடி. காட்டுப் பொருள்களிலும் கூலி வேலையிலும் வாழ்பவர்கள். வெள்ளையர் காலத்தில் குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்தவர்கள். 1998 பிப்ரவரி 10 அன்று அகர்பாய்த் கிராமத்தின் புதன் சபரை பராபஜார் காவல் நிலையத்தார் பிடித்தார்கள். ஒரு வாரத்தில், பிப்ரவரி 17 அன்று, புருலியா சிறையில் அவர் பிணமாகக் கிடந்தார். தன் கம்சாத் துண்டில் தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது நிர்வாகம். உடலை எரித்துவிட்டால் சாட்சி போய்விடும் என்பது சபர்களுக்குத் தெரிந்திருந்தது. வைக்கோலால் ஓர் உருவம் செய்து அதை எரித்தார்கள். உடலைக் குடிசைக்குள்ளேயே குழி வெட்டிப் புதைத்து வைத்தார்கள். பிறகு நீதிமன்ற உத்தரவின் பேரில் அதைத் தோண்டி எடுத்து மறு பிரேதப் பரிசோதனை நடந்தது. மகாஸ்வேதா தேவியும் கேரியா சபர் நலச் சங்கமும் தொடுத்த வழக்கில் நீதிபதி ரூமா பால் 1998 ஜூலையில் சபர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மத்தியப் புலனாய்வுக்கும் இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பின் வாசகங்களைக் கொண்டு அகமதாபாத் சாராநகரின் இளைஞர்கள் நாடகம் போட்டார்கள். அவர்களும் அதே பட்டியலில் இருந்த சாதி. அவர்கள் குழுவின் பெயர் இன்றும் புதன் தியேட்டர்.

எழுத்தறியாத மக்கள் தடயத்தைப் பாதுகாத்த விதத்தை நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. அறிவியல் அவர்களுக்கு எதிரி அல்ல. அடித்து வாங்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைவிட ஆய்வக அறிக்கை அவர்களுக்கு நல்லது. 2024 ஜூலை 1 முதல் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. நியூ டவுன் ஆய்வகத்துக்கு வேலை பெருகியதற்கு இது ஒரு காரணம். நான் அதை எதிர்க்கவில்லை. புதன் சபர் மாதிரி ஆட்களின் உடல் அங்கே நியாயமாகப் பரிசோதிக்கப்படும் என்றால் வரவேற்க வேண்டியதுதான்.

சிறைக்குள் கதை வேறு. 2020 டிசம்பரில் தி வயர் இதழில் சுகன்யா சாந்தா எழுதிய நீண்ட கட்டுரை ராஜஸ்தானின் அல்வார் சிறையில் தொடங்குகிறது. திருட்டு வழக்கில் உள்ளே வந்த ஒரு எலக்ட்ரீஷியனிடம் என்ன குற்றம் என்று கேட்டுவிட்டு, என்ன சாதி என்று கேட்கிறார்கள். சலவைத் தொழில் சாதி என்று தெரிந்ததும் கக்கூஸ் கழுவ அனுப்புகிறார்கள். வெளியே அவர் தொட்டிராத வேலை. ஒருநாள் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டபோது உள்ளே இறங்கச் சொல்கிறார்கள். அவர் இன்னும் விசாரணைக் கைதிதான், தண்டிக்கப்படவில்லை. இந்தக் கட்டுரையை எழுதியவரே தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதிகள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா.

அந்த வழக்கில் சிக்கிய மாநில விதிகளில் மேற்கு வங்கத்துடையவை கூச்சமில்லாமல் எழுதப்பட்டவை. துப்புரவாளரை மேத்தர், ஹாரி சாதிகளிலிருந்து எடுக்கலாம். மாவட்ட வழக்கப்படி வெளியே அதே வேலை செய்யும் சண்டாளர் முதலியோரையும் எடுக்கலாம் என்றது 793ஆம் விதி. உணவைப் 'பொருத்தமான சாதி'யைச் சேர்ந்த கைதிகள் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றது 741. இரவுக் காவலுக்குக் கைதியையே மேற்பார்வையாளராக வைக்கும்போது, தப்பியோடும் இயல்பு வலுவாக உள்ள நாடோடிக் குலத்தவரை எடுக்கக் கூடாது என்றது 404. மேற்கு வங்கம் 1992லேயே புதுச் சட்டம் போட்டுச் சிறைகளைச் சீர்திருத்த இல்லங்கள் என்று பெயர் மாற்றிய மாநிலம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடதுசாரிகள் ஆண்ட மாநிலமும்கூட. விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களை யாரும் கிழிக்கவில்லை.

அமெரிக்கப் பதின்மூன்றாம் திருத்தத்தில் இருப்பது போன்ற விதிவிலக்கு நம் அரசியல் சட்டத்தில் இல்லை. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் 23ஆம் பிரிவு, பொது நோக்கத்துக்காக அரசு வேலை வாங்கலாம் என்று இடம் கொடுத்தாலும், அதில் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்க்கக் கூடாது என்று கையோடு கட்டிவைக்கிறது. எனவே இங்கே அந்த விதிவிலக்கை நாடாளுமன்றம் எழுதவில்லை, சிறை விதி நூலை எழுதிய எழுத்தர்கள் எழுதினார்கள். நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்ததோடு, கைதிகள் பதிவேட்டில் உள்ள சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. மூன்று மாதத்தில் விதிகளைத் திருத்துங்கள் என்றது. 2024 டிசம்பர் 30 அன்று உள்துறை அமைச்சகம் மாதிரிச் சிறை விதிகளைத் திருத்தி மாநிலங்களுக்கு அனுப்பியது.

தமிழ்நாட்டு வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் ஒன்று அந்தத் தீர்ப்பில் உண்டு. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் கைதிகளைத் தனித்தனிப் பகுதிகளில் அடைத்து வந்தார்கள். மோதல் வரும் என்ற காரணத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 'தனித்தனி, ஆனால் சமம்' என்று அமெரிக்கா ஒரு காலத்தில் இனப் பிரிவினைக்குச் சொன்ன நியாயம் இது. இந்திய அரசியல் சட்டத்தில் அதற்கு இடமில்லை என்றது. கலிஃபோர்னியச் சிறைகளிலும் புதுக் கைதிகளை இனவாரியாகத்தான் அறையில் போட்டார்கள். கும்பல் சண்டை வரும் என்றுதான் காரணம் சொன்னார்கள். 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை மிகக் கடுமையான அளவுகோலில் சோதிக்க வேண்டும் என்றது. சிறைக் காவலர்களின் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நெல்லைப் பக்கத்து ஊர்ப் பகை உள்ளேயும் தொடரும்தான். ஆனால் எந்தக் கைதி எவனோடு சண்டை போடுவான் என்பதை அவன் வழக்கைப் பார்த்து முடிவு செய்வது நிர்வாகம். சாதிச் சான்றிதழைப் பார்த்து முடிவு செய்வது சோம்பல்.

கட்டத்தை நீக்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். இடமோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருப்பவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். பட்டியல் சாதியினர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். மக்கள்தொகையில் அவர்கள் 16.6 சதவீதம். இதெல்லாம் தெரிவது சாதியைக் கேட்டு எழுதியதால்தான். அமெரிக்க மக்களில் எட்டில் ஒருவரான கறுப்பினத்தவர் சிறையில் மூன்றில் ஒருவர் என்பதும் இனத்தைக் கணக்கெடுத்ததால் வெளிவந்த உண்மை. ஆள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிய சாதி வேலை பங்கிடப் பயன்படும். பெயர் இல்லாமல் தொகுத்த சாதி அநீதியைக் காட்டப் பயன்படும். இரண்டையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு வேண்டும். குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட சாதிகளுக்கோ தேசியச் சிறைப் புள்ளிவிவரத்தில் தனி வரியே கிடையாது. எண்பது ஆண்டு காலம் விடாமல் எண்ணிய அரசு, எண்ண வேண்டிய இடத்தில் அவர்களை எண்ணவில்லை.

1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2022இல் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்தது. விரல், உள்ளங்கை, பாதத் தடங்களோடு கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி, கையெழுத்து வரை எடுக்கலாம். தண்டனை பெற்றவரிடம் மட்டுமல்ல, கைதானவரிடமும் எடுக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றை 75 ஆண்டுகள் வைத்திருக்கும். சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. ஆனால் யார் அடிக்கடி கைதாகிறார்களோ அவர்கள் ரேகைதான் கணினியில் குவியும். நாளை ஒரு கணினி நிரல் 'இவரைக் கவனி' என்று யாரைச் சுட்டும் என்பது இன்றைய கைதுகளில் இருக்கிறது. அமெரிக்க நகரங்கள் சில இப்படிப்பட்ட முன்கணிப்பு நிரல்களை வாங்கி, அவை கறுப்பினத்தவர் தெருக்களையே திரும்பத் திரும்பக் காட்டுவதைப் பார்த்துக் கைவிட்டிருக்கின்றன. நியூ டவுனில் கேமரா இல்லாத முனை அபூர்வம். அடுக்ககங்களில் வேலைக்கு வரும் 'காஜேர் மாஷி'கள் ஆதார் நகலும் புகைப்படமும் கொடுத்துவிட்டுத்தான் லிஃப்ட் ஏறுகிறார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அவர்கள் குடியிருப்பில் யாராவது கைதானால் அந்தக் காகிதம் வேறு கண்ணால் படிக்கப்படும்.

விடுதலை ஆனவரின் பதிவை அழிக்கச் சட்டத்தில் வழி உண்டு: முன்பு தண்டனை பெறாதவராக இருக்க வேண்டும், நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லியிருக்கக் கூடாது. நடைமுறையில் அழிக்கக் கோரும் விண்ணப்பம் அதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பு அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் சரிபார்த்துப் பரிந்துரைத்தால் டெல்லியில் உள்ள காப்பகம் அழிக்கும். பராபஜாரில் சந்தேகக் கேஸில் பிடிபட்டு, சாட்சி வராமல் விடுதலையான ஒரு சபர் கூலிக்காரர், தன் கருவிழி ஒரு கணினியில் இருக்கிறது என்பதைத் தெரிந்து, அந்த அதிகாரி யார் என்று விசாரித்து, மனு எழுத ஆள் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 75 ஆண்டு.